பெயர் சொல்லாத வீரருக்குப் பாராட்டு விழா

உங்கள் தண்ணீர் பாட்டிலையும் திறந்து முகர்ந்து பார்த்தார்களா அம்மா? பார்ப்பார்கள். திங்கட்கிழமை வந்தால் கேட்டில் நிற்கிற போலீஸ்காரர்களுக்கு இதுதான் வேலை. மனு கொடுக்க வருகிறவன் மண்ணெண்ணெய் கொண்டு வருகிறானா என்று பார்க்க வேண்டும். ஏன் ஒருவன் மண்ணெண்ணெய் கொண்டு வரும் அளவுக்குப் போகிறான் என்று பார்க்க வேண்டாம். பாட்டிலை முகர்ந்தால் போதும், கலெக்டர் ஆபீஸ் பத்திரமாக இருக்கும்.

உட்காருங்கள். அந்தப் பக்கம் வேண்டாம், பெஞ்சின் கால் ஆடும். இப்படி வாருங்கள். டோக்கன் வாங்கிவிட்டீர்களா? சரி, இன்னும் நேரம் இருக்கிறது. கலெக்டர் வரவில்லை. சென்னையில் கூட்டமாம், வேறு அதிகாரிதான் மனு வாங்குவாராம்.

நான் அர்த்தநாரி. நுகர்வோர் விழிப்புணர்வுப் பேரவையின் மாவட்டத் தலைவர். பேப்பரில் பார்த்திருப்பீர்கள். இல்லையா? பரவாயில்லை. இங்கே எல்லாருக்கும் என்னைத் தெரியும். என் பாட்டிலை அந்தப் போலீஸ்காரர் திறக்கவே இல்லை, கவனித்தீர்களா?

நீங்கள் அந்த ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற விதத்தைப் பார்த்துத்தான் பேசுகிறேன். யார் மேலோ புகார். உங்களுக்கு மேலே இருப்பவர் மேல். கொடுத்தால் பெயர் வெளியே வந்துவிடுமோ என்று பயம். சரிதானே? சொல்ல வேண்டாம். நான் கேட்கவே இல்லை. ரகசியம் என்றால் ரகசியம்.

ஆனால் கொடுப்பதற்கு முன்னால் மாதேசனுக்கு நடந்ததைக் கேட்டுக்கொள்ளுங்கள். சட்டப் புத்தகத்தில் இருப்பது என்ன, இந்த ஊரில் நடப்பது என்ன என்று தெரிய வேண்டும். நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

மாதேசன் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். ஓட்டினவர். பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம், வழக்கு இருக்கிறது. மலையடிவாரத் தடம். குச்சிக்கிழங்கு, அதுதான் மரவள்ளி, விளைகிற காடுகளுக்கு நடுவே ஏறி இறங்கி, வழியில் இருக்கிற கிராமத்துப் பிள்ளைகளையெல்லாம் ஏற்றி வர வேண்டும்.

மே மாதம் பள்ளி வாகன ஆய்வு நடக்குமே, பார்த்திருப்பீர்கள். ஆயுதப்படை மைதானத்தில் மஞ்சள் பஸ்களை வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். டயர் சரியாக இருக்கிறதா, அவசர வழிக் கதவு திறக்கிறதா, தீயணைப்பான் இருக்கிறதா, முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மறுநாள் பேப்பரில் படம் வரும், அதிகாரி ஒருவர் பஸ்ஸுக்கு அடியில் குனிந்து பார்ப்பது மாதிரி. குனிந்தது படத்துக்காக. படம் எடுத்தவன் போனதும் நிமிர்ந்துவிடுவார்.

அந்தப் பள்ளியில் பஸ் நிறைய. நல்ல டயர் கொஞ்சம்தான். என்ன செய்வார்கள்? எல்லா பஸ்ஸையும் ஒரே நாளில் ஆய்வுக்கு அனுப்ப மாட்டார்கள். இன்றைக்குக் கொஞ்சம், நாளைக்குக் கொஞ்சம். ஆய்வு முடிந்து வந்த பஸ்ஸிலிருந்து டயரைக் கழற்றி, நாளைக்குப் போகிற பஸ்ஸில் மாட்டுவார்கள். தீயணைப்பானும் அப்படியே. முதலுதவிப் பெட்டியும் அப்படியே. ஒரே டெட்டால் பாட்டில் அத்தனை பஸ்ஸுக்கும் போய்ப் பாஸாகி வந்திருக்கிறது அம்மா! ஷெட்டில் இதற்குப் 'பொண்ணு பாக்குற சட்டை' என்று பெயராம். வீட்டில் ஒரே ஒரு நல்ல சட்டை, அண்ணன் தம்பிகள் ஆளுக்கொரு நாள் போட்டுக்கொண்டு பெண் பார்க்கப் போவது போல. பெண் வீட்டுக்காரர் சட்டையை அடையாளம் கண்டுபிடித்துவிடுவார், இல்லையா? மைதானத்தில் இருந்த ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாகன ஆய்வாளர் கண்டுபிடிக்க மாட்டார். கண்டுபிடிக்காமல் இருப்பதற்கு ஆகவேண்டியது அவருக்கு ஆகிவிடும்.

டயர் மாற்றுகிற வேலையை மாதேசனும்தான் செய்தார். எல்லா ஓட்டுநரும் செய்தார்கள். ஆனால் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலையில், இறக்கத்தில் அவர் பஸ்ஸின் பின்டயர் வெடித்துவிட்டது. பஸ் ரோட்டை விட்டு இறங்கிக் கிழங்குக் காட்டுக்குள் போய் நின்றது. பிள்ளைகள் தப்பித்தார்கள். முன்கதவு மண்ணில் புதைந்துவிட்டது. அவசர வழியைத் திறக்கலாம் என்று ஓடினால், கதவு ஆடுகிறது என்று யாரோ கட்டுக்கம்பி போட்டு முறுக்கி வைத்திருக்கிறார்கள். ஜன்னல் கம்பியை வளைத்து, பிள்ளைகளை ஒவ்வொருவராக வெளியே எடுத்திருக்கிறார். பள்ளித் தாளாளர் காரில் வந்து இறங்கினார். இறங்கியதும் என்ன கேட்டார் தெரியுமா? "யாராச்சும் போட்டோ எடுத்தாங்களா?"

அன்று சாயங்காலம் மாதேசன் என் ஆபீசுக்கு வந்தார். ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருக்கிறதே, அதுதான். நெட்டையான ஆள். பஸ் கூரையில் இடிக்காமல் குனிந்து குனிந்து, கழுத்து இடப்பக்கம் சற்றுச் சாய்ந்தே போய்விட்டது. உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"தலைவரே, அந்தப் பக்கம் காடா இருந்துச்சு. கிணறா இருந்திருந்தா?" என்றார்.

எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "எம்பேரு வெளிய வருமுங்களா? எம்பொண்ணு அங்கதான் எட்டாவது படிக்குது. பாதி ஃபீஸ்தான் வாங்கறாங்க," என்றார்.

"வராது."

"உறுதியாவா?"

"அர்த்தநாரி சொல்றேன், வராது."

சும்மா சொல்லவில்லை அம்மா. அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படித்தே காட்டினேன். ஊழலை அம்பலப்படுத்துகிறவர்களைப் பாதுகாக்க நம் நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. புகார் கொடுத்தவர் யார் என்பது ரகசியம். அவரைப் பழிவாங்கக் கூடாது. அவர் யார் என்று எவனாவது வெளியிட்டால் மூன்று வருஷம் வரை ஜெயில். மூன்று வருஷம்! அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். மாதேசன் முகம் தெளிந்தது. "இவ்ளோ இருக்குதுங்களா?" என்றார். பாவம், நல்ல மனுஷன்.

புகாரை முறைப்படி மூடி முத்திரை வைத்துச் சென்னையில் இருக்கிற போக்குவரத்துத் தலைமை ஆபீசுக்கு அனுப்பினோம். நான் எதையும் முறைப்படிதான் செய்வேன். ஒரு நாள் காலையில், வேறு மாவட்டத்திலிருந்து அதிகாரிகள் படை வந்து இறங்கியது. பஸ்களை ரோட்டிலேயே மடக்கினார்கள். டயரை அளந்தார்கள், கதவை இழுத்துப் பார்த்தார்கள். பாதி பஸ்ஸுக்கு மேல் தகுதிச் சான்று ரத்து. ஆய்வாளர் சஸ்பெண்ட். இந்த மாவட்டத்தில் அப்படி ஒன்று நடந்ததே இல்லை. என் பேரவையின் வரலாற்றிலும் நடந்ததில்லை.

அன்று ராத்திரி மாதேசன் போன் பண்ணினார். "தலைவரே, யாருக்கும் தெரியாம முடிஞ்சுது. அதுவே போதுமுங்க. நீங்களும் யார்கிட்டயும் ஒண்ணும் பேசிராதீங்க."

எவ்வளவு பெரிய மனசு பாருங்கள்! தான் செய்ததைச் சொல்லிக்கொள்ளக்கூட விரும்பாத மனுஷன். இப்படிப்பட்டவரை ஓர் ஊர் கொண்டாடவில்லை என்றால் அது ஊரா? அவனவன் ஆறு மாதம் கவுன்சிலராக இருந்ததற்கு பஸ் ஸ்டாண்டு முழுக்க பேனர் வைக்கிறான். பிள்ளைகள் உயிரைக் காப்பாற்றினவருக்கு ஒன்றும் கிடையாதா?

ஆனால் ரகசியம். அதை நான் ஒரு நிமிஷமும் மறக்கவில்லை. பிரிண்டிங் ஜெகனிடம் போனேன்.

"தலைவரே, முகம் இல்லாம எப்படி பேனர் அடிக்கறது? செத்துப்போன ஆளுன்னு நெனச்சுக்குவாங்க."

"ஆள கறுப்பா போட்டுடுடா. நிழல் மாதிரி."

"நிழலுக்கும் ஒரு ஆள் வேணுமில்ல?"

எங்கள் ரத்ததான முகாமில் எடுத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. மாதேசன் தன் பஸ் பக்கத்தில், தோளில் துண்டோடு நிற்கிற படம். ஜெகன் அவரைத் தலை முதல் கால் வரை கறுப்பாக்கிவிட்டான். மஞ்சள் பஸ் மட்டும் அப்படியே இருக்கட்டும், எடுப்பாக இருக்கிறது என்றான். நான் என்ன செய்தேன் தெரியுமா? பஸ்ஸின் எண்ணையும் பள்ளியின் பெயரையும் அழிக்கச் சொன்னேன். எவ்வளவு கவனம் பாருங்கள். 'பிஞ்சுகளின் உயிர் காத்த, பெயர் சொல்லாத வீரரே!' என்று மேலே. கீழே மண்டபம், தேதி, நேரம். பக்கத்தில் என் படம், கை கூப்பி. அதைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டான். பேனர் என்றால் யாராவது ஒருவர் முகமாவது தெரிய வேண்டும் அல்லவா?

பஸ் ஸ்டாண்டு எதிரில் கட்டினோம். பள்ளிக்கூட பஸ்கள் திரும்புகிற இடம். கூட்டம் அங்கேதான் இருக்கும்.

மறுநாள் காலையில் மாதேசன் போன். பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறார். பின்னால் பிள்ளைகள் சத்தம். யூ.கே.ஜி. படிக்கிற ஒரு வாண்டு பேனரைப் பார்த்து, "ஐ, நம்ம மாதேசன் அங்கிள்!" என்று கத்தியிருக்கிறது. உடனே பஸ் முழுக்க, "மாதேசன் அங்கிள்! மாதேசன் அங்கிள்!"

"தலைவரே, அதக் கழட்டச் சொல்லுங்க. உங்க கால்ல வேணா விழறேன்."

"யோவ், சின்னப் பிள்ளைங்க சொன்னா யாருய்யா நம்புவாங்க?" என்றேன். "ஊர்ல கழுத்து சாஞ்சவன் நீ ஒருத்தன்தானா?" அதோடு, பேனருக்கு ஒரு வாரத்துக்கு முறைப்படி அனுமதி வாங்கியிருந்தேன். அனுமதி வாங்கிக் கட்டினதைப் பாதியில் கழற்றினால் என்ன அர்த்தம்? ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்றுதானே ஆகும்?

விழாவுக்கு வர மாட்டேன் என்றார். வராவிட்டால்தான் சந்தேகம் வரும் என்று நான்தான் புரிய வைத்தேன். "எல்லா டிரைவரும் வர்றாங்க. கூட்டத்தோட கூட்டமா வந்து கடைசியில உக்காருய்யா. யாருக்குத் தெரியப்போவுது?" வந்தார். கதவோரமாக, கடைசி வரிசையில்.

மேடையில் நடுநாயகமாக ஒரு நாற்காலியைக் காலியாக வைத்தோம். அதற்குத்தான் பொன்னாடை போர்த்தினோம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. மைக்கைப் பிடித்தேன். பெயர் சொல்லவில்லை. பள்ளியின் பெயர் சொல்லவில்லை. "அந்த மாவீரர் யார் என்று நான் சொல்ல மாட்டேன். என் கழுத்தை அறுத்தாலும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்வேன். அவர் இதோ, இந்த அரங்கத்தில்தான், நம்மோடு நாமாக அமர்ந்திருக்கிறார்!"

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். எல்லாரும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். அந்த நேரத்தில் மாதேசன் எழுந்து வெளியே போய்விட்டார்.

எழுந்து போகலாமா அம்மா? நீங்களே சொல்லுங்கள். உட்கார்ந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. எழுந்ததால்தானே எல்லாரும் பார்த்தார்கள்? அவரிடமே கேட்டேன், "கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று.

மறுநாள் பள்ளி கேட்டில் வாட்ச்மேன் அவரை உள்ளே விடவில்லை. வேலை போயிற்று. மகளுடைய டி.சி.யை, மாற்றுச் சான்றிதழை, அந்த வாட்ச்மேன் கையிலேயே கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். கேட்டுக் கம்பி வழியாக நீட்டியிருக்கிறான். அந்தப் பெண் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு அப்பா பக்கத்தில் நிற்கிறது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

எனக்கு ரத்தம் கொதித்தது. பெயர் எப்படி வெளியே போனது? யார் சொன்னது? விடுவேனா நான்? தோண்டினேன். கண்டுபிடித்தேன். சென்னையிலிருந்து மாதேசனின் புகாரை அப்படியே நகலெடுத்து, பெயர், முகவரி, செல்போன் எண் எல்லாவற்றோடும், 'தக்க நடவடிக்கைக்காக' என்று எங்கே அனுப்பியிருக்கிறார்கள் தெரியுமா? அதே ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு! எந்த ஆபீசின் மேல் புகாரோ அந்த ஆபீசுக்கே! கோழியைக் காணோம் என்றால், நரியிடம் கொடுத்து விசாரிக்கச் சொல்வது. இதுதான் அம்மா நம் நாட்டு வழக்கம். எந்த மனுவும் இப்படித்தான் போகும். இன்றைக்கு நீங்கள் கொடுக்கிற மனுவும் நாளை மறுநாள் யார் மேல் புகாரோ அவர் மேஜையில் இருக்கும். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த நகல் இங்கே வந்து சேர்ந்ததே மாதேசனை வேலையைவிட்டு அனுப்பினதற்கு அப்புறம்தான் என்று தபால் முத்திரையைக் காட்டிப் பள்ளி வக்கீல் துள்ளுகிறார். தேதியா முக்கியம்? மனப்பான்மைதான் முக்கியம். துரோகம் செய்தது அந்த ஆபீஸ். என்னிடம் ஆதாரம் இருக்கிறது.

சரி, சட்டம் இருக்கிறதே என்று எனக்குத் தெரிந்த வக்கீலிடம் போனேன். பழிவாங்கியிருக்கிறார்கள், பெயரை வெளியிட்டிருக்கிறார்கள், மூன்று வருஷம் உள்ளே தள்ளுங்கள் என்றேன். அவர் சிரித்தார்.

"அண்ணே, அந்தச் சட்டம் இன்னும் அமலுக்கே வரலியே."

"என்னய்யா சொல்றே? ஜனாதிபதி கையெழுத்தே போட்டாச்சு."

"போட்டாச்சு. பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. எந்தத் தேதியிலிருந்து அமல்னு கவர்ன்மென்ட் அறிவிக்கணும். அறிவிக்கல."

கல்யாணம் நிச்சயம் பண்ணி, பத்திரிகை அடித்து, ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டு, தேதியை மட்டும் போடாமல் விட்ட மாதிரி. பந்தலில் மாதேசன் மட்டும் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள். ஏமாற்றிவிட்டார்கள் அம்மா, என்னை ஏமாற்றிவிட்டார்கள். அந்தப் புத்தகத்தை நான் விலை கொடுத்து வாங்கியிருக்கிறேன்.

இதற்குள் பள்ளிக்காரன் அடுத்த வேலையைச் செய்துவிட்டான். ஷெட்டில் டயர் காணவில்லை, மாதேசன் திருடிவிட்டார் என்று போலீசில் புகார். மாற்றி மாற்றி மாட்டச் சொன்ன அதே டயர்! ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். கேள்விப்பட்டதும் நான் சும்மா இருப்பேனா? பேரவை ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனேன். 'ஊழலை ஒழித்த மாதேசனை விடுதலை செய்!' என்று ஸ்டேஷன் வாசலில் கோஷம். பஸ்ஸெல்லாம் நின்றுவிட்டது. இன்ஸ்பெக்டர் வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏன் சார், ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிட்டு வீட்டுக்கு அனுப்பலாம்னு இருந்தேன். டீகூட வாங்கிக் கொடுத்திருக்கேன். இப்ப ரோட்ட மறிச்சுக்கிட்டு இத்தன பேர் நின்னா, நான் எப்படிச் சும்மா அனுப்பறது? நாளைக்கு என்னைக் கேப்பாங்களே."

கேஸ் போட்டுவிட்டார். கோழை. ஜனங்களைக் கண்டு பயப்படுகிற போலீஸ் என்ன போலீஸ்? ஜாமீன் கிடைத்தது. ஆனால் திருட்டுக் கேஸ் உள்ளவனுக்கு எந்தப் பள்ளி பஸ் கொடுக்கும்? எந்த மில்லில் வேன் கொடுப்பார்கள்? ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுவிலிருந்தே அவரை நீக்கிவிட்டார்கள். விழாவில் கைதட்டினார்களே, அவர்களேதான்.

அதற்கப்புறம்தான் அந்த வாகன ஆய்வாளர் மேல் விசாரணை. அதில் மாதேசன் வந்து சாட்சி சொல்ல வேண்டும். டயரைக் கையால் மாட்டினவர் அவர்தானே, வேறு யார் சொல்வது? அவர் சொன்னால் ஆய்வாளர் தொலைந்தார். சொல்லாவிட்டால் பிழைத்தார். விசாரணையை எங்கே வைத்தார்கள்? அதே ஆர்.டி.ஓ. ஆபீசில்! வராந்தாவில் ஆய்வாளரின் ஆட்கள், பள்ளியின் மேனேஜர், லைசென்ஸ் எடுக்க வந்த கூட்டம். பியூன் கதவைத் திறந்து, கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற மாதிரி, "புகார்தாரர் மாதேசன்! புகார்தாரர் மாதேசன்!" என்று கத்துகிறான். ரகசிய சாட்சியை இப்படியா கூப்பிடுவது? இந்த நாடு உருப்படுமா?

மாதேசன் வரவில்லை. மறு தேதிக்கும் வரவில்லை.

அவர் வீட்டுக்குப் போனேன். சும்மா போகவில்லை, நிருபர் பாலுவையும் கூட்டிக்கொண்டு போனேன். வீட்டில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள் அவர் மனைவி பூங்கொடி. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம். போலீஸ் வந்து போகிற வீடு என்று.

"மாதேசன் எங்கம்மா?"

"தெரியாதுங்கண்ணா."

"தெரியாதுன்னா எப்படி? அடுத்த வாரம் அவர் வந்து சொல்லலேன்னா எல்லாம் வீணாயிடும். பயப்படாதேன்னு சொல்லும்மா. சட்டம் இருக்குது. இன்னிக்கு இல்லேன்னாலும் நாளைக்கு வரும்."

அவள் சாக்கைக் கட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஏனுங்கண்ணா, அந்தச் சட்டத்துல ஒரு ரூம் காலியா இருந்தா வாடகைக்குக் கேட்டுச் சொல்லுங்க. இருக்க வீடில்ல."

பாலு படம் எடுத்தான். அவள் முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டு, "வெளிய போயா," என்றாள். என்னைப் பார்த்து! இத்தனை வருஷப் பொதுவாழ்க்கையில் யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. யாருக்காக இவ்வளவும் செய்தேன்? நன்றி என்று ஒன்று இருக்கிறதா இந்த உலகத்தில்? படித்தவர்களை விடுங்கள், பாதிக்கப்பட்டவர்களுக்கே இல்லை.

ஆய்வாளர் திரும்ப வேலைக்கு வந்துவிட்டார் அம்மா. புகார்தாரர் ஆஜராகவில்லை, குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. இந்த மே மாதமும் ஆய்வு நடந்தது. அதே மைதானம். அவரேதான் குனிந்து பார்த்தார். படமும் வந்தது. அந்த மலையடிவாரத் தடத்தில் இப்போது ஓட்டுகிறவன் புதுப் பையன். வெள்ளிக்கிழமை ரோட்டில் பார்த்தேன், பின்டயர் வழுக்கைத் தலை மாதிரி மின்னுகிறது. பஸ் நிறையப் பிள்ளைகள். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

அதனால்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். மாதேசனை நான் கண்டுபிடித்துவிட்டேன். ஆமாம்! திருச்செங்கோட்டில் போர்வெல் லாரி ஏஜென்ட் ஒருவர் எனக்குப் பழக்கம். அவர்தான் சொன்னார். மாதேசன் வடக்கே ராய்ப்பூர் பக்கம் ஒரு போர்வெல் ரிக் வண்டியில் ஓட்டுநராகப் போயிருக்கிறார். பெயரை மாற்றிச் சொல்லி வேலை பார்க்கிறாராம், மாது என்று. வண்டி எண்கூட வாங்கிவிட்டேன். இதோ பாருங்கள் மனு. 'மேற்படி மாதேசனைக் கண்டுபிடித்து அழைத்து வந்து, தக்க பாதுகாப்புடன் மறுவிசாரணையில் சாட்சி சொல்ல வைக்குமாறு.' விலாசம், முதலாளி பெயர், புதுச் செல்போன் எண் எல்லாம் போட்டிருக்கிறேன். படமும் ஒட்டியிருக்கிறேன். இந்தத் தடவை நல்ல தெளிவான படம், போலீசுக்கு அடையாளம் தெரிய வேண்டுமே. கலெக்டருக்கு ஒன்று, ஆர்.டி.ஓ.வுக்கு ஒரு நகல், எஸ்.பி.க்கு ஒரு நகல். பேப்பருக்கும் கொடுத்தாயிற்று, நாளைக்கு வரும். சத்தியம் பண்ணிச் சொல்கிறேன், அவரைக் கொண்டுவந்து சாட்சிக் கூண்டில் ஏற்றாமல் விட மாட்டேன்.

என்னம்மா? முகம் ஏன் இப்படி வெளுத்துப்போய்விட்டது? தண்ணீர் குடியுங்கள். பயந்துவிட்டீர்களா? உங்களைப் பயமுறுத்தவா சொன்னேன்? தனியாகப் போய்க் கொடுத்தால்தான் ஆபத்து என்று சொல்கிறேன். பேரவை பின்னால் நின்றால் ஒருவனும் அசைக்க முடியாது. கொடுங்கள், ஃபைலைப் பார்க்கிறேன். ஏன் இழுத்துக்கொள்கிறீர்கள்?

அட, துப்பட்டாவுக்குள் கார்டு தொங்குகிறது. பச்சைக் கயிறு. அரசு ஆஸ்பத்திரியா? நர்ஸா? சு... சுகிர்தா. நல்ல பெயர். பிரசவ வார்டா? அங்கே மருந்து வெளியே போகிறது என்று நானும் கேள்விப்பட்டேன். அதுதானா? அதுதான்! உங்கள் முகமே சொல்கிறதே. இருங்கள், இருங்கள். பாலு அங்கேதான் நிற்கிறான். டேய் பாலு! இங்க வாடா, கேமராவோட வா! பெரிய விஷயம்!

எங்கே எழுந்திருக்கிறீர்கள்? உங்கள் டோக்கன் வரப்போகிறது அம்மா. அது வழியில்லை, கேட் அந்தப் பக்கம். ஏம்மா! மனு கொடுக்காமலே போனால் எப்படி? ஏம்மா! சுகிர்தா! பிரசவ வார்டு சுகிர்தா! யாராவது அந்த நர்ஸை நிறுத்துங்கள் ஐயா, அந்தப் பச்சைத் துப்பட்டா, ஆமாம், அவள்தான்!

போய்விட்டாள். பார்த்தாயா பாலு? எல்லாரும் இப்படிப் பயந்து ஓடினால் இந்த நாட்டில் எந்தச் சட்டம்தான் என்ன செய்யும்? நீ ஒன்று பண்ணு. அவள் பெயரைக் குறித்துக்கொள்.